யாருடைய கைப்பேசியில் யாருடைய முகம்?

கைப்பேசியின் முன் முகத்தைக் காட்டுவது என்ற ஒரே செயல் இரு வேறு காரியங்களுக்குப் பயன்படுகிறது. அவற்றைப் பிரித்து அறியாதவரை இந்தத் தொழில்நுட்பம் குறித்த அச்சம் தேவையற்ற இடத்திலும் நம்பிக்கை தகாத இடத்திலும் போய் நிற்கும். ஒருவர் தம் சொந்தக் கைப்பேசியைத் திறக்க முகத்தைக் காட்டும்போது, எதிரே இருப்பவர் உரியவர்தானா என்ற ஒரு கேள்விக்கு மட்டும் அந்தக் கருவிக்குள்ளேயே விடை தேடப்படுகிறது. ‘ஃபேஸ் லாக்’ என்று மக்கள் சொல்வது இதைத்தான். பிறர் கையிலுள்ள கைப்பேசியிலோ ஒரு நிறுவனத்தின் செயலியிலோ முகம் பதியும்போது, அந்தப் பதிவு எங்கோ உள்ள சர்வருக்குச் செல்கிறது. அது அங்கே எத்தனை காலம் இருக்கும், யார் பார்ப்பார்கள் என்பது முகத்துக்கு உரியவருக்குத் தெரிவதில்லை. சேலம், நாமக்கல் மாவட்டச் சிற்றூர்களில் எளிய மக்களின் முகம் அரசுத் திட்டங்களுக்காகப் பதிவது இந்த இரண்டாவது வழியில்தான்; அதிகக் கவலைக்குரியதும் அதுவே.

முதல் வகையைச் சுருக்கமாகப் பார்க்கலாம். கேமரா முகத்தின் அமைப்பை அளந்து எண்களின் கோவையாக மாற்றுகிறது. ‘வார்ப்புரு’ எனப்படும் இந்தக் கோவை, நல்ல கருவிகளில், மற்ற செயலிகள் எட்ட முடியாத தனிப் பகுதியில் பூட்டி வைக்கப்படுகிறது. 2017இல் வந்த ஐபோன் எக்ஸ், கண்ணுக்குப் புலப்படாத 30,000க்கும் மேற்பட்ட அகச்சிவப்பு ஒளிப்புள்ளிகளை முகத்தின்மேல் வீழ்த்தி மேடுபள்ளங்களை அளந்தது. வேறொருவர் முகத்துக்குத் திறந்துகொள்ளும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுதான் என்று கூறிய ஆப்பிள் நிறுவனம், இரட்டையரிடமும் 13 வயதுக்கு உட்பட்ட சிறுவரிடமும் அந்த வாய்ப்பு கூடும் என்பதையும் ஒப்புக்கொண்டது. விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் முன்புறச் சாதாரண கேமரா மட்டுமே இருப்பதால், அவை முகத்தின் தட்டையான படத்தையே ஒப்பிடுகின்றன. நெதர்லாந்தின் நுகர்வோர் அமைப்பு ஒன்று 110 கைப்பேசிகளைச் சோதித்து 2019இல் வெளியிட்ட முடிவின்படி, அவற்றில் 42, உரிமையாளரின் புகைப்படத்தைக் காட்டியதும் திறந்துகொண்டன. இத்தகைய கைப்பேசி வைத்திருப்போர் முகப்பூட்டை விட்டு ஆறு இலக்கப் பின் எண்ணுக்கு மாறுவதே தக்கது. 2025 அக்டோபர் முதல் யூபிஐ பணப் பரிமாற்றத்தில் பின் எண்ணுக்குப் பதிலாகக் கருவியிலுள்ள முக, விரல்ரேகைப் பூட்டையே பயன்படுத்தத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் வழிசெய்திருக்கும் நிலையில், விருப்பம் இருந்தால் மட்டுமே அதை ஏற்கலாம் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

இரண்டாவது வகைக்கு அங்கன்வாடி மையமே அண்மைச் சான்று. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவு போன்ற இணை உணவைப் பெற, ஒன்றிய அரசின் ‘போஷன் டிராக்கர்’ செயலியில் முகப்பதிவு 2025 ஜூலை 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. முதலில் ஆதார் எண்ணைச் சரிபார்த்து, அதில் இணைத்த கைப்பேசிக்கு வரும் ஓடிபியை உள்ளிட வேண்டும். பிறகு ஊழியர் தம் கைப்பேசியைத் தாயின் முகத்துக்கு நேரே பிடிக்க, அவர் கண்ணைச் சிமிட்டி, படம் பொருந்தினால்தான் வழங்கல் பதிவாகும். நாமக்கல்லிலிருந்து லாரியோடோ திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடோ வாரக்கணக்கில் வெளிமாநிலத்தில் இருக்கும் கணவரின் கையில்தான் ஆதாரில் இணைத்த எண் இருக்கிறது என்றால், கையில் குழந்தையோடு மையத்தில் நிற்கும் பெண் அந்த ஓடிபிக்காக அவரை அழைக்க வேண்டும். அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாலோ சிக்னல் இல்லாத இடத்தில் துளை போட்டுக்கொண்டிருந்தாலோ அன்றைய வேலை அங்கேயே நின்றுவிடும். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கிகளும் காவல்துறையும் ஆண்டுக்கணக்காகப் பாடம் நடத்திவரும் நாட்டில், உணவுக்காக அதைச் சொல்லும் பழக்கத்தை அரசுத் திட்டமே உண்டாக்குவது பெருந்தவறு.

முகம் பொருந்தவில்லை என்பதற்காக உணவு மறுக்கப்படுவதற்கு இடமே இருக்கக் கூடாது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் உணவை உரிமையாக வழங்கி, அது கிடைக்காதபோது உணவுப் பாதுகாப்புப் படி கோரவும் வழிவகுத்திருக்கிறது. செயலியின் பிழைக்கு அந்தத் தாய் பொறுப்பாக மாட்டார். மறுப்பு நேர்ந்தால், தேதியையும் மையத்தின் பெயரையும் செயலி காட்டிய செய்தியையும் குறித்துக்கொண்டு, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைகளில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலோ 1100 என்ற முதல்வர் உதவி எண்ணிலோ புகார் பதியலாம். அங்கன்வாடி ஊழியரும் இதே செயலியால் அலைக்கழிக்கப்படுபவர் என்பதால், புகார் அவர்மீது அமையாமல் நடைமுறைமீது அமைவதே நியாயம்.

சேர்த்து வைத்த முகங்கள் கசிந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடே கண்டிருக்கிறது. சந்தேகத்துக்குரியவரைக் களத்திலேயே படமெடுத்து, காவல்துறையின் பதிவுகளோடு ஒப்பிட உதவும் முக அடையாள மென்பொருள் 2021 அக்டோபரில் தமிழ்நாடு காவல்துறையில் நடைமுறைக்கு வந்தது. கொல்கத்தாவிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய அதன் இணையதளத்துக்குள் அந்நியர் புகுந்த செய்தி 2024 மே மாதத்தில் வெளியானது. நிர்வாகி ஒருவரின் கணக்குக் கடவுச்சொல் களவுபோனதே காரணம் என்று காவல்துறை விளக்கியது. திருடப்பட்ட கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிடலாம். வெளியேறிய முகத்தை மாற்ற எவராலும் இயலாது. பொருத்தம் தவறாகப் போவதும் உண்டு. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், ஒருவரை வேறொருவராகக் காட்டும் பிழை, பல மென்பொருள்களில், ஆசிய, ஆப்பிரிக்க முகங்களில் வெள்ளையர் முகங்களைவிட 10 முதல் 100 மடங்குவரை அதிகமாக இருந்தது. கைதானவர், தண்டனை பெற்றவர் முதலியோரின் அங்க அடையாளங்களைப் பதிவதற்குக் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம், 2022 அதிகாரம் தருகிறது. சாலையில் நடந்துபோகும் எவரையும் நிறுத்திப் படமெடுக்கும் அதிகாரத்தை அது தரவில்லை. எனவே எந்தச் சட்டத்தின்கீழ் படம் எடுக்கப்படுகிறது என்று பணிவாகக் கேட்பதற்கு ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை உண்டு. ஐதராபாத்தில் 2021 மே மாதம் இவ்வாறு படமெடுக்கப்பட்ட சமூக ஆர்வலர் ஒருவர் அந்த உரிமையைத் தெலங்கானா உயர் நீதிமன்றம்வரை கொண்டுசென்றார்.

முதியோருக்கான ஆபத்து வேறு வகைப்பட்டது. ஓய்வூதியர் வீட்டிலிருந்தே முகத்தைக் காட்டி வாழ்வுச் சான்றிதழ் பெறும் வசதி 2021 நவம்பரில் வந்தது. நடக்க இயலாதவர்களுக்கு அது உண்மையிலேயே பெரும் உதவி. ஆனால் இதே வசதியின் வேடத்தில் மோசடியும் வரலாம். தாய்லாந்தில் ஓய்வூதியச் செயலிபோல் நடித்து, முகத்தைப் பல கோணங்களில் காட்டச் சொல்லி வீடியோ எடுத்து, அதைக் கொண்டு செய்யப்படும் போலி முகத்தால் வங்கிக் கணக்கைத் திறக்கும் நோக்குடைய ‘கோல்டுபிக்ஆக்ஸ்’ என்ற தீநிரலை, சிங்கப்பூரைச் சேர்ந்த குரூப்-ஐபி நிறுவனம் 2024 பிப்ரவரியில் அம்பலப்படுத்தியது. ஆகவே வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பிலிருந்து ஓய்வூதியச் செயலியையோ கடன் செயலியையோ இறக்கவே கூடாது. வீடியோ அழைப்பில் தலையைத் திருப்பச் சொல்பவர் எந்த அதிகாரியின் பெயரைச் சொன்னாலும் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். ஆதாரிலுள்ள முகம், விரல்ரேகை, கருவிழி மூன்றையும் ஆதார் செயலியிலோ இணையதளத்திலோ பூட்டி வைத்து, தேவையான நேரத்தில் மட்டும் திறந்துகொள்ளலாம்; ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலையும் அங்கேயே பார்க்கலாம். ஐயங்களுக்கு ஆதார் உதவி எண்ணான 1947ஐ அழைக்கலாம்.

சட்டம் தரும் காப்பில் நிறைவும் உண்டு, பெரிய ஓட்டையும் உண்டு. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அதன் வழியில் வந்த எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, எதற்காகத் தரவு பெறப்படுகிறது என்ற அறிவிப்பைத் தமிழிலும் கேட்டுப் பெறும் உரிமையையும், ஒப்புதலைத் திரும்பப் பெற்றுத் தரவை அழிக்கக் கோரும் உரிமையையும் தருகிறது. பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய்வரை அபராதம் உண்டு. விதிகள் 2025 நவம்பரில் வெளியானாலும் முதன்மைக் கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வரும். மேலும், மானியமும் நலத்திட்டமும் வழங்குவதற்கு அரசு ஒப்புதல் கேட்க வேண்டியதில்லை என்றும், குற்றத் தடுப்பு, புலனாய்வுக்குப் பல கடமைகளிலிருந்து விலக்கு என்றும் அந்தச் சட்டமே சொல்கிறது. அங்கன்வாடியும் காவல்துறையும் இந்த இடைவெளிக்குள்தான் நிற்கின்றன.

அந்தக் கடமைகள் நடைமுறைக்கு வரும்வரை கையிலுள்ள கருவி தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000. பிறருடைய தனித்த அடையாளத்தை ஏமாற்றிப் பயன்படுத்துவோருக்கு அதன் 66சி பிரிவு மூன்றாண்டுவரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் விதிக்கிறது. பணம் போனது தெரிந்த நொடியே இணையக் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழைக்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணிநேரமும் பணத்தை அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்த்திவிடும். வங்கிக்கும் எழுத்தில் தெரிவித்து, புகார் எண்ணை வாங்கி வைக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6ஆம் நாளைய சுற்றறிக்கைப்படி, வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாமல் மூன்றாம் நபரால் நேர்ந்த இழப்பை, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலைநாளுக்குள் அறிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை. அவர்மேல்தான் தவறு என்று மெய்ப்பிக்கும் சுமையும் வங்கியைச் சேர்ந்தது. இழப்பீட்டுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ஐந்து கோடி ரூபாய்வரையிலான கோரிக்கைகளை, மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர் தீர்ப்பு அதிகாரியாக அமர்ந்து விசாரிக்கலாம். இணைய மோசடியில் பணம் இழந்த, தூத்துக்குடிக் கிளையில் கணக்கு வைத்திருந்த வாடிக்கையாளர் ஒருவருக்குச் சுமார் 12.85 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2010 ஏப்ரலில் ஐசிஐசிஐ வங்கிக்கு உத்தரவிட்டவர், தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பில் இருந்த அதிகாரிதான்.