மலை மறைத்த சிக்னலை மரத்தில் ஏறிப் பிடித்த வாத்தியார்!

மொட்டை மாடியின் இந்த மூலையில் நின்றால் இரண்டு கோடு. நாலு அடி தள்ளி நின்றால் ஒன்றுமே இல்லை. மலையடிவார ஊர்களில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனவர்களுக்கு இந்த அவஸ்தை தெரிந்திருக்கும். டவர் என்னவோ பக்கத்தில்தான் இருக்கும். நடுவில் ஒரு குன்று மட்டும் குறுக்கே உட்கார்ந்திருக்கும்.

ஒரு குன்றுக்கே இப்படி என்றால், இமயமலைக்கு நடுவே இருக்கிற ஊரை நினைத்துப் பாருங்கள்.

நேபாளத்தின் மியாக்தி மாவட்டத்தில் நாங்கி என்று ஒரு கிராமம். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் அதிக உயரம். அருகில் உள்ள சாலையைப் பிடிக்கவே பல மணி நேரம் நடக்க வேண்டியிருந்த காலம் அது. அந்த ஊரில் பிறந்து ஆடு, மாடு மேய்த்து வளர்ந்தவர் மகாபீர் புன். பிள்ளையைப் படிக்க வைக்க அவருடைய அப்பா குடும்பத்தோடு சமவெளிக்கு இறங்கினார். பள்ளிப் படிப்பை முடித்த மகாபீர் 12 வருடம் வாத்தியார் வேலை பார்த்து, தம்பி, தங்கைகளைக் கரை சேர்க்க உதவினார். அதன் பிறகுதான் உதவித்தொகை கிடைத்து அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1992-ல் பட்டத்தோடு திரும்பியவர், நகரத்தில் வேலை தேடவில்லை. நேரே நாங்கிக்குப் போய் ஊர்ப் பள்ளியை எடுத்து வளர்க்க ஆரம்பித்தார்.

1997-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து நான்கு பழைய கம்ப்யூட்டர்கள் அன்பளிப்பாக வந்தன. ஊரில் கரன்ட் கிடையாது. பக்கத்து ஓடையில் சின்ன ஜெனரேட்டர்களை வைத்து, ஓடும் தண்ணீரிலேயே மின்சாரம் எடுத்துக் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தினார். சரி, இன்டர்நெட்? பொக்காரா நகரத்திலிருந்து டெலிபோன் இணைப்பு வாங்க அவர் எடுத்த முயற்சி எதுவும் பலிக்கவில்லை. 2001-ல் யோசனை கேட்டு பி.பி.சி.க்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அவருடைய பிரச்னையை பி.பி.சி. உலகுக்குச் சொன்னது. ஒரு வருடத்துக்குள் ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் தன்னார்வலர்கள் மலையேறி வந்துவிட்டார்கள்.

அவர்கள் கையில் எடுத்தது, நம் வீட்டு ஹாலில் இருக்கிற அதே வைஃபை.

‘வீட்டு வைஃபை அடுத்த அறைக்கே ஒழுங்காக வராதே!’ என்று தோன்றும். நான்கு பக்கமும் சிதறுவதால்தான் அப்படி. அதே அலையை டிவி டிஷ் போன்ற கிண்ணத்தில் குவித்து ஒரே திசையில் அனுப்பினால் பல கிலோமீட்டர் போகும். ஒரே நிபந்தனை, இந்த முனையும் அந்த முனையும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். நடுவில் மலை இருந்தால் எவ்வளவு பவர் கூட்டினாலும் பயனில்லை. மலையைத் துளைத்துப் போகிற அலை அல்ல அது.

வெறுமனே ‘கண்ணுக்குத் தெரிகிறது’ என்பதும் போதாது. அலை கம்பி மாதிரி மெல்லிசாகப் போவதில்லை. இரு முனையும் ஒடுங்கி நடுவில் பருத்த வெள்ளரிக்காய் மாதிரி விரிந்து போகிறது. 20 கிலோமீட்டர் தூரத்துக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அனுப்பினால், சரிபாதி தூரத்தில் அந்த வெள்ளரிக்காய் நேர்கோட்டிலிருந்து எல்லாப் பக்கமும் ஏறக்குறைய 25 மீட்டர் பருத்திருக்கும். அதற்குள் மலை முகடோ மரக்கூட்டமோ நீட்டிக்கொண்டிருந்தால் சிக்னல் நொண்டும். மழையில் நனைந்த இலைகள் இன்னும் மோசம், அலையைக் குடித்துவிடும். எதிர் மலையைப் பைனாகுலரில் பார்த்துவிட்டு ‘ஆஹா, லைன் கிளியர்’ என்று துள்ளியவர்கள் ஏமாந்து போவது இதனால்தான்.

மகாபீரும் நண்பர்களும் டிவி டிஷ்களை உயரமான மரங்களில் கட்டினார்கள். நாங்கிக்கும் பக்கத்துக் கிராமமான ராம்சேக்கும் முதல் இணைப்பு கிடைத்தது. பொக்காராவுக்கு எப்படிப் போவது? மலை மறைக்கிறது என்றால், மலை உச்சிக்கே போய்விட வேண்டியதுதான். உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் தெரியுமே! ஒரு ஆன்டெனா நகரத்தைப் பார்க்கும், இன்னொன்று கிராமத்தைப் பார்க்கும். ஒன்று வாங்கியதை மற்றது கை மாற்றிவிடும். இதுதான் ரிலே. உச்சியில் கரன்ட் ஏது? சோலார் பலகையும் பேட்டரியும்தான். 2003-ல் நாங்கி இன்டர்நெட்டுக்கு வந்தது.

இதில் ஒரு சங்கதி உண்டு. அப்போது நேபாளத்தில் மாவோயிஸ்டுகளுக்கும் அரசுக்கும் உள்நாட்டுப் போர். வயர்லெஸ் கருவிகளை அனுமதியின்றிக் கொண்டுவருவதும் வைத்திருப்பதும் குற்றம். ஆகவே கருவிகள் தன்னார்வலர்களின் பெட்டிகளுக்குள் ஒளிந்துதான் நாட்டுக்குள் வந்தன. மலை உச்சியில் ஆன்டெனாவோடு நிற்கிறவனைப் பார்த்தால் இரண்டு தரப்புக்குமே சந்தேகம் வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக ஒரு வாத்தியார் இவ்வளவு பெரிய ஆபத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டார் என்பதை, ராக்கெட் வேகத்தில் ரீல்ஸ் பார்க்கிற நாம் கொஞ்சம் நிதானமாக யோசிக்கலாம்.

இணைப்பு பல கிராமங்களுக்குப் பரவியது. ஒரு பள்ளியின் நல்ல ஆசிரியர் வேறு ஊர்ப் பிள்ளைகளுக்கும் பாடம் எடுத்தார். டாக்டரே இல்லாத கிராமத்து நோயாளி, பொக்காரா மருத்துவரிடம் ஆலோசனை கேட்க முடிந்தது. 2007-ல் மகாபீருக்கு மகசேசே விருது கிடைத்தது.

இதே வித்தை நம் தேனியிலும் நடந்திருக்கிறது. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் எரிக் புரூவர் குழுவும் சேர்ந்து, 2006 வாக்கில் சுற்றுவட்டாரத்தின் ஐந்து கண் பரிசோதனை மையங்களை நீண்ட தூர வைஃபையால் இணைத்தார்கள். மையத்தில் உட்கார்ந்திருக்கிற பாட்டியை, தேனியிலிருந்து டாக்டர் வீடியோவில் பார்த்துப் பேசுவார். ஊசியோ ஆபரேஷனோ தேவைப்பட்டால் மட்டும் பஸ் ஏறினால் போதும். இங்கே வேறொரு சிக்கலையும் அந்தக் குழு அவிழ்க்க வேண்டியிருந்தது. வைஃபை ஒரு பொட்டலத்தை அனுப்பிவிட்டு, ‘வந்து சேர்ந்தது’ என்ற பதிலுக்காகக் காத்திருக்கும். வீட்டுக்குள் பதில் கண நேரத்தில் வரும். பல கிலோமீட்டர் தாண்டி வர மைக்ரோ நொடிகள் கூடுதலாகும். அதற்குள் பொறுமை இழந்து, ‘தொலைந்துவிட்டது போல’ என்று மறுபடி மறுபடி அனுப்பித் தானே நெரிசலை உண்டாக்கிக்கொள்ளும். குழு, அந்த விதிமுறையையே தூரத்துக்கு ஏற்றபடி மாற்றி எழுதியது.

உங்கள் தோட்டத்து வீட்டுக்கு நெட் வரவில்லையா? ஆன்லைனில் விற்கிற மொபைல் சிக்னல் பூஸ்டரை அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். அனுமதியின்றி அதைப் பொருத்துவது நம் நாட்டில் சட்டவிரோதம், அக்கம்பக்கத்து சிக்னலையும் அது கெடுக்கும். வைஃபைக்கு, வரையறுத்த பவருக்குள் இருக்கும்வரை லைசென்ஸ் தேவையில்லை. முதலில், இணைப்பு இருக்கிற வீடும் தோட்டத்து வீடும் ஒருசேரத் தெரிகிற இடம் எது என்று தேடுங்கள். அது தண்ணீர்த் தொட்டியாகவோ, களத்து மேட்டுக் கொட்டகையாகவோ இருக்கலாம். நடுவில் இருக்கிற தென்னை இன்னும் ஐந்து வருடத்தில் எவ்வளவு வளரும் என்பதையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மகாபீர் ரிலே வைத்த உச்சிகளில் ஒன்று மொகரே டாண்டா, சுமார் 3,300 மீட்டர் உயரம். அன்னபூர்ணாவும் தௌலகிரியும் அங்கிருந்து பளிச்சென்று தெரியும். சிக்னலுக்காகத் தேர்ந்தெடுத்த அந்த முகட்டில் இன்று ஊர்க்காரர்கள் நடத்தும் விடுதி இருக்கிறது. சூரிய உதயம் பார்க்க மலையேற்றக்காரர்கள் அங்கே வந்து தங்குகிறார்கள்.