உடையில் ஊரை எழுதும் பெண்கள்: குவாத்தமாலா நாட்டு வழக்கமும் வாழ்க்கையும்

உலகில் ஏலக்காயை அதிகமாக ஏற்றுமதி செய்யும் நாடு எது என்று வகுப்பில் கேட்டால், இந்தியா என்றும் இலங்கை என்றும் பதில் வரும். சரியான விடை குவாத்தமாலா. பெயரைச் சொன்னதும் பிள்ளைகள் தேசப்படத்தில் ஆபிரிக்காவைத் தேடத் தொடங்குவார்கள். அது அங்கே இல்லை. மத்திய அமெரிக்காவில், மெக்சிக்கோவுக்குத் தெற்கே, ஒரு புறம் பசுபிக் சமுத்திரமும் மறுபுறம் கரிபியன் கடலின் சிறு கரையுமாகக் கிடக்கிறது. நமது புவியியல் பாடத்தில் இந்நாட்டுக்கு இரண்டு வரி கிடைத்தால் பெரிது. இந்த மலருக்குக் கட்டுரை கேட்கப்பட்டபோது, அந்த இரண்டு வரியைக் கொஞ்சம் நீட்டலாம் என்று நினைத்தேன்.

ஏலம் அந்த மண்ணின் செடி அல்ல. அது தென்னிந்திய மலைகளின் செடி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்கு கோப்பித் தோட்டம் வைத்திருந்த ஜேர்மானியர் ஒருவர் அதைக் கொண்டுபோய் ஆல்ட்டா வெராபாஸ் மாகாணத்தில், கோபான் நகரை அண்டிய மலைச்சாரலில் நட்டார். மூடுபனியும் ஓயாத தூறலும் உள்ள இடம். செடி நன்றாகப் பிடித்துக்கொண்டது. இன்று அதைப் பயிரிடுவோரில் பெரும்பாலோர் கெக்சி என்னும் மாயா இனத்துச் சிறு விவசாயிகள். காயை உலர்த்தும் சூளை அவர்களில் அநேகரிடம் இல்லை. பச்சைக் காயைச் சில நாட்களுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. ஆகவே, வாசலுக்கு வரும் இடைத்தரகர் சொல்வதே விலை. உலர்த்தித் தரம் பிரித்தபின் அதன் பெரும்பகுதி சவூதி அரேபியாவுக்கும் அயல் அரபு நாடுகளுக்கும் கப்பலேறுகிறது. ஹஜ், உம்ரா போய் வந்தவர்கள் அங்கு குடித்த கஹ்வாவின் மணத்தைச் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். அந்த மணத்தில் பெரும் பங்கு இந்த மலைக்காரருடையது. விளைவிக்கும் வீடுகளிலோ ஏலத்தைச் சமையலில் போடும் வழக்கமே கிடையாது. அவர்களுக்கு அது காசு, உணவு அல்ல.

நாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பரப்பு 108,889 சதுர கிலோமீற்றர். இலங்கையைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல். 1524இல் ஸ்பானியப் படை வந்தது. 1821இல் ஸ்பெயினிடமிருந்து சுதந்திரம் கிடைத்தது. நாணயத்தின் பெயர் கெட்சால். அது நீண்ட பச்சை வால் கொண்ட அந்நாட்டுத் தேசியப் பறவையின் பெயருமாகும். 2018ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் தம்மை மாயா இனத்தவர் எனப் பதிந்தனர். மற்றோரில் அதிகமானோர் லடினோக்கள். ஸ்பானிய மொழி பேசி, மேல்நாட்டு உடை உடுப்பவர்கள். முஸ்லிம்கள் மிகச் சிலரே. ஆனாலும் தலைநகரில் பள்ளிவாசல் உண்டு.

‘மாயா’ என்ற ஒற்றைச் சொல் நம்மை ஏமாற்றிவிடும். அங்கு 22 மாயா மொழிகள் வழங்குகின்றன. கிச்சே, கக்சிக்கேல், மாம், கெக்சி ஆகிய நான்கும் பெரியவை. கிச்சே பேசுபவருக்கு மாம் விளங்காது. இவற்றோடு சின்கா, கரிஃபுனா என்று வேறு இரண்டும் உள்ளன. 2003ஆம் ஆண்டில் வந்த சட்டம் இவை யாவற்றையும் தேசிய மொழிகளாக ஏற்றுக்கொண்டது. ஆனால் கந்தோரிலும் நீதிமன்றத்திலும் ஆஸ்பத்திரியிலும் காரியம் நடப்பது பெரும்பாலும் ஸ்பானிய மொழியில்தான். தாய்க்கு ஸ்பானியம் தெரியாவிட்டால், பாடசாலை போகும் மகளே உடன் போய் மொழிபெயர்க்க வேண்டும். தாயின் நோயைப் பற்றி வைத்தியரிடம் ஒரு பதினொரு வயதுப் பிள்ளை சொல்ல நேர்வதை எண்ணிப் பாருங்கள்.

உணவு என்றால் சோளம்தான். சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் அவித்து, இரவு முழுதும் ஊறவிட்டு, தோல் கழுவி அரைத்து, உள்ளங்கைகளுக்கிடையில் தட்டி வட்ட ரொட்டியாகச் சுடுகிறார்கள். தோர்த்தில்லா என்பது இதுவே. சுண்ணாம்பு சேர்ப்பது சோளத்தில் கட்டுண்டிருக்கும் ஓர் உயிர்ச்சத்தை உடல் ஏற்கும்படி விடுவிக்கிறது. விஞ்ஞானம் இதைக் கண்டறிவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்த மூதாட்டிகள் செய்துவந்தார்கள். சோளத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனவர்கள் செய்முறையைக் கொண்டுபோகவில்லை. அதனால் சோளத்தையே நம்பி வாழ்ந்த இத்தாலிய ஏழைகள் பெலாக்ரா என்னும் நோயால் வாடினார்கள். கிச்சே மக்களின் பழைய நூலான ‘போபோல் வூ’, முதல் மனிதர் சோள மாவால் ஆக்கப்பட்டனர் என்று கதை சொல்கிறது. அது அவர்களுடைய கதை. சோளம் அவர்களுக்கு எவ்வளவு பெரியது என்பதற்காக மட்டும் அதை இங்கே குறிப்பிடுகிறேன்.

இனி, நான் எழுத விரும்பிய விடயத்துக்கு வருகிறேன். மாயாப் பெண்கள் அணியும் மேற்சட்டைக்கு உயிபில் என்று பெயர். இடுப்பில் சுற்றும் நீளத் துணி கோர்த்தே. அதன்மேல் இறுக்கிக் கட்டும் நெய்த பட்டி ஒன்று உண்டு.

உயிபில் நெய்யும் தறியைப் பார்த்தால், மருதமுனையில் தறி பார்த்துப் பழகியவர்களுக்கு இது தறிதானா என்றே சந்தேகம் வரும். சட்டம் இல்லை, மிதி இல்லை. சில தடிகளும் நூலும் கயிறும் மட்டும். பாவின் ஒரு முனையை மரத்திலோ வீட்டுத் தூணிலோ கட்டுவார்கள். மறுமுனை, நெய்பவளின் முதுகுக்குப் பின்னால் சுற்றிய வாரில் இணைந்திருக்கும். அவள் முழந்தாளிட்டு அமர்ந்து பின்னால் சாய்ந்தால் பா இறுகும், முன்னே குனிந்தால் தளரும். நெய்பவளின் உடம்பே தறியின் பாதி. கை எட்டும் அகலத்துக்கு மேல் துணி வராது. எனவே இரண்டு மூன்று துண்டுகளை நெய்து பொருத்தியே சட்டை ஆக்குகிறார்கள். பூவேலையை இழை இழையாக விரலால் எடுத்து ஊடுநூலோடு சேர்த்து நெய்வதால், நல்ல உயிபில் ஒன்று முடிய மாதக்கணக்கில் செல்லும். வீட்டு வேலை முடிந்து, பிள்ளை உறங்கிய நேரத்தில் நெய்வதல்லவா! மகள் தாயிடமிருந்தே கற்கிறாள். கோலத்தை வரைந்துவைத்த கடதாசி எதுவும் கிடையாது. எண்ணிக்கை தலைக்குள் இருக்கும்.

கோலமும் நிறமும் ஊருக்கு ஊர் வேறு. ஓர் ஊரில் பறவைகள், வேறோர் ஊரில் நெளிகோடுகள், இன்னோர் ஊரில் இருதலைப் பறவை. சந்தையில் ஒரு பெண் எதிரே வந்தால், வாய் திறக்கும் முன்பே இவள் இன்ன ஊர் என்று மற்றவர்கள் அறிந்துகொள்வார்கள். அத்தித்லான் ஏரிக்கரையிலுள்ள சாந்தியாகோ அத்தித்லான் ஊரின் முதிய பெண்கள், பல யார் நீளமான நாடாவைத் தலையைச் சுற்றி வட்டத் தட்டுப்போலச் சுற்றிக்கொள்வார்கள். அந்தத் தலைக்கட்டோடு கூடிய பெண்முகமே நாட்டின் 25 சென்டாவோ நாணயத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. தலைநகரில் இந்த உடைகளுக்கென்றே இக்ஷெல் என்ற பெயரில் அரும்பொருளகம் ஒன்றும் உள்ளது.

ஆண்களின் உடை எங்கே என்று நீங்கள் கேட்கலாம். அவர்களுக்கும் ஊர் உடை இருந்தது. தோட்டங்களுக்கும் நகரங்களுக்கும் கூலிக்குப் போன ஆண்கள், ஏளனத்துக்கு அஞ்சியும் வேலை கிடைக்க வேண்டியும் அதைக் கழற்றிவிட்டார்கள். தோதோஸ் சந்தோஸ், சோலோலா போன்ற சில இடங்களில் மட்டுமே இன்றும் ஆண்கள் அதை அணிகிறார்கள். ஊரின் அடையாளத்தைச் சுமக்கும் வேலை பெண்ணின் தோளில் விழுந்தது. இது பெருமையா பாரமா என்று என்னைக் கேட்டால், இரண்டும்தான் என்பேன். பெருமைப்படுபவர்களில் சுமக்காதவர்களே அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

அந்தப் பாரம் உயிரைக் கேட்ட காலமும் வந்தது. 1960 முதல் 1996 வரை 36 ஆண்டுகள் அந்நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்தது. ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், அல்லது காணாமல் ஆக்கப்பட்டார்கள். ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவோடு அமைந்த உண்மையறியும் ஆணைக்குழு 1999இல் அறிக்கை தந்தது. அடையாளம் காணப்பட்டவர்களில் நூற்றுக்கு 83 பேர் மாயா மக்கள் என்றும், மீறல்களில் மிகப் பெரும்பான்மை அரச படையினராலும் அவர்களைச் சார்ந்தோராலும் நடந்தவை என்றும் அது சொல்லியது. கெரில்லாக்களுக்கு உதவிய ஊர் என்று சந்தேகிக்கப்பட்ட கிராமங்கள் எரிக்கப்பட்டன. தப்பியோடிய பெண்ணின் சட்டையே அவள் எந்த ஊர் என்று காட்டிக்கொடுத்தது. எனவே பலர் உயிபிலைக் களைந்து, வேறு ஊர் உடையையோ லடினோ உடையையோ உடுத்து, தாய்மொழியையும் வாய்க்குள் அடக்கிக்கொண்டார்கள். அப்படி நகரங்களில் வளர்ந்த பிள்ளைகளில் சிலருக்குத் தாயின் மொழி தெரியாமலே போயிற்று. போர் எடுத்துக்கொண்டவற்றைக் கணக்கிடும்போது இதையெல்லாம் எந்த அட்டவணையில் சேர்ப்பது?

ரிகோபெர்ட்டா மெஞ்சு என்ற பெயரைப் பொது அறிவு வினாக்களில் கண்டிருப்பீர்கள். அவர் கிச்சே இனத்தவர். சிறு வயதில் குடும்பத்தோடு கோப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர். தந்தையையும் தாயையும் சகோதரரையும் அந்தப் போரில் இழந்து, 1981இல் மெக்சிக்கோவுக்குத் தப்பினார். 1992இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 33. பரிசு மேடையில் உயிபிலும் கோர்த்தேயுமாகவே நின்றார்.

நோபல் பரிசு வந்ததால் வாசற்கதவுகள் தாமாகத் திறந்துவிடவில்லை. 1985ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 66ஆம் உறுப்புரையில் பூர்வீக மக்களின் உடை அணியும் உரிமையை ஏற்றிருந்தது. ஆனாலும் 2002இல், கிச்சே இனத்து மானிடவியலாளரான இர்மா அலிசியா வெலாஸ்கெஸ் நிமாத்துகை, மாயா உடையோடு வந்தார் என்பதற்காகத் தலைநகரின் உணவகமொன்று உள்ளே விடவில்லை. படித்த பெண், பட்டம் பெற்றவர், கையில் காசும் உள்ளவர். குறை உடையில் மட்டுமே காணப்பட்டது. அவர் பேசாமல் வீடு திரும்பவில்லை, முறையிட்டார். பாகுபாடு காட்டுவதைக் குற்றமாக்கும் சட்டம் அதே ஆண்டில் வந்தது. பாடசாலைச் சீருடை விடயத்திலும் இதே இழுபறி உண்டு. உயிபிலோடு வந்த மாணவியைத் திருப்பியனுப்பிய செய்திகள் அங்கு அவ்வப்போது வரும். உடையின் பெயரால் வாசலில் நிறுத்தப்படுவது எப்படியிருக்கும் என்று இந்த மலரை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பெற்றோரும் வாசிக்கும் மலர் என்பதால் இன்னொன்றையும் எழுதுகிறேன். 2015 வரை அந்நாட்டுச் சட்டப்படி, பெற்றோர் சம்மதித்தால் பெண்ணுக்கு 14 வயதில் திருமணம் செய்யலாம். அவ்வாண்டில் வயது 18 ஆக உயர்த்தப்பட்டது. ஆயினும் நீதிபதி அனுமதித்தால் 16 என்று ஒரு கதவு திறந்தே விடப்பட்டது. 2017இல் அதையும் மூடினார்கள். சட்டம் மாறினாலும், பதிவில்லாமல் சேர்ந்து வாழ அனுப்பிவிடும் வழக்கம் மலைக் கிராமங்களில் தொடர்கிறது. இதற்குக் காரணம் அந்தப் பெற்றோரின் மனக் கடினம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆறு வருட ஆரம்பக் கல்வி ஊருக்குள் கிடைக்கும். அதற்கு மேற்பட்ட வகுப்புக்குப் பல ஊர்களில் நெடுந்தூரம் போக வேண்டும். பஸ்ஸுக்குக் காசு வேண்டும், வழி பயமற்றதாக இருக்க வேண்டும். ஒருவரைத்தான் அனுப்ப முடியும் என்றால் மகனை அனுப்புகிறார்கள். நகரத்து வசதியான குடும்பங்களில் மகளின் பதினைந்தாவது பிறந்தநாளை நீள அங்கியும் ஆடல் பாடலுமாகக் கொண்டாடுவார்கள். அதே வயதில் மலையில் ஒருத்தி கைக்குழந்தையோடு தோர்த்தில்லா தட்டிக்கொண்டிருப்பாள். இரண்டும் ஒரே நாடு.

வறுமையின் ஆழத்துக்கு ஒரு கணக்கு போதும். 2014–15இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 46 பேருக்கு மேல் நீண்டகாலப் போசாக்கின்மையால் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். கோப்பி, சீனி, வாழைப்பழம், ஏலம் எல்லாவற்றையும் வெளிநாட்டுக்கு அனுப்பும் நாட்டின் நிலை இது. நல்ல நிலம் பெருந்தோட்டக்காரரிடமும் சரிவு நிலம் சோளக்காரரிடமும் இருப்பதே இதன் வேர். ஆகவே இளைஞர்கள் மெக்சிக்கோ வழியாக ஐக்கிய அமெரிக்காவுக்குக் கடன்பட்டுப் போகிறார்கள். 2023இல் அவர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணம் 2,000 கோடி டொலரை நெருங்கியது. நாட்டு வருமானத்தில் ஐந்திலொன்று. மண்சுவர் வீடுகளுக்கு நடுவே மூன்று மாடி வீடு ஒன்று எழுந்து நிற்கும். கட்டியவர் அதில் ஓர் இரவும் படுத்திருக்கமாட்டார்.

இந்த நெருக்கடி தறியையும் தொட்டுவிட்டது. கை நெசவு உயிபிலை வாங்க அதை நெய்யும் பெண்ணாலேயே முடிவதில்லை. பிள்ளைக்கு மருந்து வாங்க, தாய் விட்டுச்சென்ற உயிபிலைச் சுற்றுலாக் கடைக்கு விற்றவர்கள் பலர். கடைக்காரர் அதை வெட்டிக் கைப்பையாகவும் சப்பாத்தாகவும் தைத்து விற்பார். சந்தையிலோ, அதே கோலத்தை மெல்லிய துணியில் இயந்திரத்தால் அச்சடித்த சட்டைகள் குவிந்துவிட்டன. விலை மிகக் குறைவு, தோய்ப்பதும் எளிது. வறியவள் அதை வாங்குவதைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

கோலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை நெசவுப் பெண்களே எழுப்பினார்கள். தலைநகரை அடுத்த சக்காத்தெப்பெக்கெஸ் மாகாணப் பெண்களின் அமைப்பொன்று 2016இல் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது. ஒருவர் வரைந்த சித்திரத்துக்குச் சட்டக் காப்பு உண்டு, ஓர் ஊரே தலைமுறைகளாக ஆக்கிய கோலத்துக்கு ஏன் இல்லை என்பது அவர்கள் வாதம். அடுத்த ஆண்டில் நீதிமன்றம், இதற்கொரு சட்டம் இயற்றுமாறு நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டது. அந்த வழக்குக்காகப் பல ஊர்ப் பெண்கள் தலைநகருக்கு வந்தபோது தத்தம் ஊர் உயிபிலையே அணிந்து வந்தார்கள். யார் எந்த ஊர் என்று ஒருவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.