பழைய வான் சூடேறுகிறதா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

யாழ்ப்பாண நகரில் மொத்தமாகச் சரக்கு எடுத்து, பண்ணைப் பாலம் கடந்து, வேலணை ஊடாக வாணர் தாம்போதியில் ஏறி, மடத்துவெளியால் புங்குடுதீவுக்குள் நுழைந்து குறிகட்டுவான் இறங்குதுறை வரை வான் ஓட்டும் வியாபாரிகள் நம்மில் பலர் உள்ளனர். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகும் பொருட்கள் அங்கிருந்துதான் படகேறுகின்றன. தூரம் அதிகமில்லை, ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான். ஆனால் இந்தப் பாதையில் வான் கொதித்து நின்றால் படகு போய்விடும். படகு போனால் அன்றைய வியாபாரமும் போய்விடும்.

இந்தப் பாதையில் ஓடுபவை பெரும்பாலும் பழைய வான்கள். டொல்பின், லைட்ஏஸ், டவுன்ஏஸ், கரவன், எல் 300 என்று இருபது, முப்பது வருடம் கண்ட வாகனங்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. திறந்த பின்னரும் விலையைக் கேட்டால் சிறு வியாபாரிக்குத் தலை சுற்றுகிறது. ஆகவே கையில் இருக்கும் வானைக் காப்பாற்றிக் கொள்வதும் முதலைக் காப்பாற்றும் வேலைதான்.

ஒரு சோளகக் காலத்தில் நண்பர் ஒருவரின் டவுன்ஏஸில் சவர்க்காரப் பெட்டிகளுடன் நானும் போனேன். தாம்போதியின் நடுவே வெப்பமானியின் முள் ஏறத் தொடங்கியது. நிறுத்துங்கள் என்றேன். "மடத்துவெளிக்கு இன்னும் ஒரு கட்டைதானே நானா, அங்க போய் நிழல்ல நிப்பாட்டுவம்" என்றார். சற்று நேரத்தில் முள் சடாரென்று கீழே இறங்கியது. "பாத்தீங்களா, தானாவே இறங்கிட்டு" என்று சிரித்தார். மடத்துவெளியில் முதல் வீடுகள் தெரிந்தபோது எஞ்சின் இறுகி நின்றது.

முள் ஏன் இறங்கியது? வெப்பத்தை அளக்கும் உணரி தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். தண்ணீர் முழுவதும் வெளியேறினால் அது வெறும் காற்றிலோ ஆவியிலோ நிற்கும், முள் இறங்கிவிடும். ஆகவே உச்சிக்கு ஏறிய முள் திடீரென விழுந்தால் எஞ்சின் ஆறிவிட்டது என்று எண்ணக் கூடாது. உள்ளே தண்ணீரே இல்லை என்பதுதான் அதன் பொருள். அன்று வெடித்திருந்தது ரேடியேற்றரின் கீழ்ப்பக்க ஹோஸ் ஒன்று. அதன் விலையை ஒரு நடை வாடகையில் எடுத்துவிடலாம். அந்த ஒரு கட்டைத் தூரத்துக்காக ஹெட்டை இறக்கி, லேத்தில் மட்டம் பார்த்து, காஸ்கட் மாற்றி, வான் இரண்டு வாரம் கராஜில் கிடந்தது. இரண்டு வாரமும் வாடகை வானில் சரக்கு ஏற்றினார்.

டவுன்ஏஸ், லைட்ஏஸ் வான்களில் வந்த 2சி டீசல் எஞ்சினுக்கு வார்ப்பிரும்பு புளொக்கின் மேல் அலுமினியம் ஹெட் பூட்டியிருக்கிறார்கள். சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும். அளவான சூட்டில் காஸ்கட் இதைத் தாங்கிக் கொள்ளும். அளவு மீறினால் ஹெட் வளையும் அல்லது வெடிக்கும்.

முள் வழமையான இடத்தைத் தாண்டினால் உடனே ஏசியை நிறுத்துங்கள். ஹீற்றர் குழாய்கள் துண்டிக்கப்படாமல் இருந்தால் ஹீற்றரை முழுச் சூட்டில் திறந்துவிடுங்கள். வெயிலில் இது கொடுமைதான், ஆனால் ஹீற்றரும் ஒரு சின்ன ரேடியேற்றர். அப்படியும் முள் இறங்காவிட்டால் ஓரமாக நிறுத்துங்கள். ஆவியோ தண்ணீர் ஒழுக்கோ தெரிந்தால் எஞ்சினை அந்தக் கணமே அணைக்க வேண்டும். ஒழுக்கு எதுவும் இல்லாமல் முள் மட்டும் உயர்ந்திருந்தால் ஓரிரு நிமிடம் நின்ற நிலையில் ஓடவிட்டு, விசிறி காற்றை இழுக்கிறதா, முள் இறங்குகிறதா என்று பார்த்து அணைக்கலாம். ரேடியேற்றர் மூடியில் குறைந்தது அரை மணி நேரம் கை வைக்க வேண்டாம். அதன் பின்னும் தடித்த துணியை மடித்துப் பிடித்து, முதல் தடையில் நிறுத்தி, சீறல் அடங்கிய பிறகே முழுவதும் திறக்க வேண்டும். முகத்தைத் தள்ளி வையுங்கள். எரியும் எஞ்சினுக்குள் குளிர்ந்த நீரைக் கொட்டுவதும் ஹெட்டை வெடிக்க வைக்கும். ஆறிய பின் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும்.

தாம்போதியில் இன்னொரு சோதனை உண்டு. கையை நீட்டினால் இரு பக்கமும் கடல். ஒரு வாளி அள்ளி ஊற்றினால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். குடிக்க வைத்திருக்கும் போத்தல் தண்ணீரை ஊற்றுங்கள், அல்லது போகிற வானை மறித்து உதவி கேளுங்கள். உப்பில் உள்ள குளோரைட் அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். யாராவது ஏற்கெனவே கடல் நீரை ஊற்றியிருந்தால் அன்றைக்கே முழுவதையும் வடித்து, நல்ல தண்ணீரால் பல தடவை கழுவியாக வேண்டும்.

கடல் நீர் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கிணற்று நீரில்தான் நாம் ஏமாறுகிறோம். தீவுப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர். வாயில் வைத்தால் தெரியும் உப்பு ரேடியேற்றருக்குத் தெரியாமல் போகுமா? யாழ்ப்பாணத்தில் நன்னீர் என்று நாம் சொல்லும் கிணற்று நீரிலும் சுண்ணாம்பு உண்டு. தேநீர்க் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே படிவு ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் சேர்கிறது. தினமும் ஒரு போத்தல் கிணற்று நீர் விட்டு ஓட்டும் வான், தினமும் கொஞ்சம் உப்பையும் சுண்ணாம்பையும் உள்ளே சேமிக்கிறது. இரண்டு வருடத்தில் ரேடியேற்றரின் பாதிக் குழாய்கள் அடைபட்டு நிற்கும்போது, "எஞ்சின் பழசாகிட்டு" என்கிறோம்.

இதற்கு மாற்று நம் கூரையிலேயே இருக்கிறது. கார்த்திகை, மார்கழி மழையில் முதல் மழை கூரையைக் கழுவிப் போன பின், சுத்தமான பரலில் பிடித்து வைக்கும் மழை நீரில் உப்பு மிகக் குறைவு. இல்லாவிட்டால் ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்த குடிநீர், அல்லது பற்றரிக்கு விடும் தண்ணீர். ஆனால் வெறும் தண்ணீர் எவ்வளவு சுத்தமானாலும் போதாது. அதனுடன் கூலன்ற் சேர வேண்டும். பனி உறையும் நாட்டுக்குத்தானே கூலன்ற் என்று கேட்பவர்கள் உண்டு. நமக்கு அது தேவைப்படுவது துரு பிடிக்காமல் தடுக்கவும், தண்ணீர்ப் பம்பின் சீலைக் காக்கவும், கொதிநிலையை உயர்த்தவும்தான். சாதாரண பச்சைக் கூலன்றை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வடித்து மாற்ற வேண்டும். வேறு வேறு வகைகளைக் கலக்க வேண்டாம்.

உள்ளே போகும் உப்பு ஒரு பக்கம் என்றால், வெளியே கடற்காற்றின் உப்பு இன்னொரு பக்கம். ரேடியேற்றரின் மெல்லிய தகடுகளை விரலால் தொட்டுப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் அந்த ரேடியேற்றர் தண்ணீர் வைத்திருக்கும், சூட்டை வெளியே விடாது. பார்வைக்கு ஒழுக்கில்லாததால் பலர் இதைச் சந்தேகிப்பதே இல்லை. மீன், நண்டு ஏற்றும் வான்களில் உப்பு நீர் கீழே வழிவதால் நிலைமை இன்னும் மோசம். வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரால், எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான அழுத்தத்தில் கழுவினால் தகடுகளின் ஆயுள் கூடும்.

கராஜுக்குப் போனால் "எப்போது சூடேறுகிறது?" என்ற கேள்விக்குப் பதில் உங்களிடம் தயாராக இருக்க வேண்டும். நல்ல பாஸ் ஒருவர் அதைத்தான் முதலில் கேட்பார். குறிகட்டுவானில் திருவிழாக் கால நெரிசலில் வரிசையில் நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் குறை விசிறிப் பக்கம். எஞ்சினோடு சுற்றும் விசிறியானால் அதன் கிளச் தளர்ந்திருக்கலாம். மின் விசிறியானால் சுவிட்ச், பியூஸ், வயர். விசிறியைச் சுற்றியுள்ள பிளாஸ்ரிக் மூடி உடைந்து கழன்றிருந்தாலும் இதே தொல்லைதான். மாறாக, நிற்கும்போது நன்றாக இருந்து, பாரத்தோடு வேகமாக ஓடும்போது ஏறினால், ரேடியேற்றர் குழாய்கள் அடைபட்டிருக்கலாம், பெல்ட் வழுக்கலாம், அல்லது கீழ் ஹோஸ் உள்ளிழுவையில் ஒட்டிக்கொள்ளலாம். எஞ்சினை அணைத்து, விசிறி நின்றபின், ரேடியேற்றரின் மேல் கையை அருகே கொண்டுபோனால் சூடான இடத்துக்கு நடுவே குளிர்ந்த திட்டுகள் தெரியும். அங்கேதான் அடைப்பு. பழைய செம்பு ரேடியேற்றரைக் கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம். பிளாஸ்ரிக் தலையுள்ள அலுமினிய ரேடியேற்றரைப் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். கோஸ்டிக் சோடா விட்டுக் கழுவித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள், அது அலுமினியத்தைத் தின்றுவிடும். ஒழுக்கை அடைக்க மஞ்சள் தூள் போடும் வித்தையும் அப்படித்தான். ஓட்டையை அடைக்கும் மஞ்சள் நல்ல குழாயையும் அடைக்கும். மஞ்சள் விற்கும் நாமே சொல்கிறோம்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். சோளகம் அடிக்கும் மாதங்களில் புங்குடுதீவிலிருந்து வேலணைப் பக்கம் திரும்பும் வானுக்குக் காற்று பின்னாலிருந்து வரும். வான் ஓடும் வேகத்தோடு காற்றும் சேர்ந்து ஓடுவதால் ரேடியேற்றருக்குள் புகும் காற்று குறைந்துவிடும். போகும்போது சரியாக இருந்து திரும்பும்போது சூடேறுகிறது என்பவர்கள் பலர் இதை யோசிப்பதில்லை. நல்ல ரேடியேற்றர் இதைத் தாங்கும். அரைகுறையானது இங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

காலையில் கிளப்பி ஐந்து, பத்து நிமிடத்துக்குள் ஏறினால் தேர்மோஸ்டற் திறக்காமல் ஒட்டியிருக்கலாம், அல்லது உள்ளே காற்று அடைபட்டிருக்கலாம். இருக்கைக்குக் கீழே எஞ்சின் உள்ள வான்களில் குழாய்கள் நீளமாகவும் மேடு பள்ளமாகவும் போவதால் காற்று சிக்குவது சகஜம். தண்ணீர் மாற்றிய பின் வானின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஆறிய எஞ்சினை மூடி திறந்தபடியே கிளப்பி, குமிழிகள் அடங்கும்வரை நிரப்ப வேண்டும். தேர்மோஸ்டற்றைச் சோதிப்பது சுலபம். நூலில் கட்டிச் சுடுநீர்ச் சட்டியில் தொங்கவிடுங்கள். பொதுவாக 82 அல்லது 88 பாகையில் வாய் திறக்கத் தொடங்க வேண்டும். கொதிக்கும் நீரிலும் திறக்காவிட்டால் எறிந்துவிட்டுப் புதிது பூட்டுங்கள். "நம்ம வெயிலுக்கு இது தேவையில்லை" என்று கழற்றி எறிந்து அப்படியே மூடும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. பல ஜப்பானிய எஞ்சின்களில் தேர்மோஸ்டற்றின் அடித்தட்டுத்தான் சுற்றுவழியை அடைக்கிறது. அது இல்லாவிட்டால் சூடான தண்ணீரின் ஒரு பகுதி ரேடியேற்றருக்கே போகாமல் திரும்ப எஞ்சினுக்குள் ஓடும். சூட்டைக் குறைக்கச் செய்த வேலை சூட்டைக் கூட்டும்.

ரேடியேற்றர் மூடி எல்லாவற்றிலும் மலிவானது, எல்லோராலும் மறக்கப்படுவது. அதன் தலையில் 0.9 போன்ற ஓர் எண் இருக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காமல் 118 பாகை வரை தாங்கும். ஸ்பிரிங் தளர்ந்து ரப்பர் வெடித்த மூடி அந்தப் பாதுகாப்பைத் தராது. தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டே இருக்கும்.

எங்கும் ஒழுக்குத் தெரியாமல் தண்ணீர் மட்டும் குறைகிறதா? முதலில் பம்பின் அடியில் உள்ள சிறு துளையில் ஈரமோ உப்புத் தடமோ இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இல்லையென்றால் ஹெட் காஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது ரேடியேற்றரில் நிற்காமல் குமிழி வருவது, காலையில் ஆறிய எஞ்சினிலும் மேல் ஹோஸ் கல்லாக இருப்பது, புகைக்குழாயில் நிற்காத வெண்புகை, ஒயில் கம்பியில் பால் தேத்தண்ணி நிறம் ஆகியவை அடையாளங்கள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் சரக்கேற்றிப் பாலம் கடக்க வேண்டாம்.

பழைய வான் வாங்கப் போகும் சகோதரர்களும் இதையே பார்க்கலாம். விற்பவர் முன்கூட்டியே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். ஆறிய நிலையில் மூடியைத் திறந்தால் உள்ளே துருச் சேறா, தெளிந்த கூலன்றா என்று தெரியும். தேர்மோஸ்டற் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

என் நண்பர் இப்போது சரக்குக் கணக்கு எழுதும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தண்ணீர்க் கணக்கும் எழுதுகிறார். காலையில் ஆறிய எஞ்சினில் மட்டத்தைப் பார்த்து, எவ்வளவு ஊற்றினார் என்று குறித்துவிடுவார். மூடிய அமைப்பில் தண்ணீர் குறையவே கூடாது என்பதால், வாரத்தில் இரண்டு தடவை ஊற்ற வேண்டி வந்தால் அந்தச் சனிக்கிழமை வான் கராஜுக்குப் போகும். இருக்கைக்குப் பின்னால் ஐந்து லீற்றர்க் கான் இரண்டில் மழைத் தண்ணீர், ஒரு பெல்ட், கீழ் ஹோஸ் ஒன்று, கிளிப் நாலு, ஒரு பழைய துவாய். சென்ற பெருநாள் நெரிசலில் மேல் ஹோஸ் கசியத் தொடங்கியபோது தாம்போதி ஏறும் முன்பே வேலணையில் நிறுத்தி, ஆறவிட்டுக் கிளிப்பை மாற்றினார். அந்தப் படகை விட்டுவிட்டார். அடுத்த படகில் சரக்கை அனுப்பினார்.