எல்லைமலைக் கோட்டைகள்

நுழையும்முன்

இரு நாடுகளுக்கு இடைப்பட்ட எல்லை இன்று நிலப்படத்தில் ஒரு கோடாகத் தெரிகிறது. இடைக்கால ஐரோப்பாவில் அக்கோட்டை மலைமுகட்டு மதில்களே காத்து நின்றன. பிரான்சு நாட்டின் தென்கோடியில், பிரனீஸ் மலைத்தொடரின் வடக்கே அமைந்த கொர்பியேர் குன்றுகளில் அத்தகைய கோட்டைகள் பல இன்றும் நிற்கின்றன. அவற்றை எழுப்பியவர் யார், எதற்காக எழுப்பினர், அவை வழங்கும் பெயர் எத்துணைப் பொருத்தமுடையது என்பனவற்றை இப்பாடம் விளக்குகிறது.

பாறையே அரண்

கொர்பியேர் பகுதி சுண்ணாம்புப் பாறைகள் செறிந்த வறண்ட நிலம். அடிவாரத்தில் திராட்சைத் தோட்டங்களும் சிற்றூர்களும் உள்ளன. அவற்றுக்கு மேலே செங்குத்தாக எழும் பாறை உச்சிகளில் கோட்டைகள் அமைந்துள்ளன. தொலைவிலிருந்து நோக்குவோர்க்குப் பாறை முடிந்து மதில் தொடங்கும் இடம் எளிதில் புலப்படுவதில்லை. பாறையின் வடிவத்திற்கு ஏற்ப மதில் வளைந்து செல்வதும், பாறையிலிருந்து வெட்டிய கல்லாலேயே அம்மதில் கட்டப்பட்டிருப்பதும் இதற்குக் காரணங்களாகும்.

இக்கோட்டைகளுள் தெர்ம், அகிலார், கேரிபூஸ், பெய்ர்பெர்த்தூஸ், புய்லோரன்ஸ் ஆகிய ஐந்தும் புகழ்பெற்றவை. வடக்கே சமவெளியில் உள்ள கர்க்காசோன் கோட்டைநகரமே இவற்றுக்குத் தலைமையிடம். ஆதலால் இவ்வைந்தையும் 'கர்க்காசோனின் ஐந்து புதல்வர்கள்' என அழைப்பர். கேரிபூஸ் கடல்மட்டத்திலிருந்து 728 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் உள்ள பெய்ர்பெர்த்தூஸ் சுமார் 300 மீட்டர் நீளத்திற்குப் பாறை முதுகின்மேல் ஒரு கப்பலைப் போல் நீண்டு கிடக்கிறது.

தெரிந்து தெளிவோம்

'பெய்ர்பெர்த்தூஸ்' என்பது தென்பிரான்சின் தொன்மொழியாகிய ஒக்சித்தானில் 'துளைத்த பாறை' எனப் பொருள்படும். அம்மொழியில் 'ஆம்' என்பதற்குரிய சொல் 'ஒக்'. அதனாலேயே அந்நிலப்பகுதி 'ஒக் மொழி' எனப் பொருள்படும் 'லாங்தோக்' என்னும் பெயரைப் பெற்றது.

கத்தாரியர்

பன்னிரண்டாம் நூற்றாண்டில் லாங்தோக் பகுதியில் ஒரு சமய இயக்கம் வேரூன்றியது. அதனைச் சார்ந்தோர் கத்தாரியர் எனப்பட்டனர். 'தூய' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது. ஆன்மா நல்ல இறைவனுக்கு உரியது, கண்ணால் காணும் பருவுலகம் தீய ஆற்றலின் படைப்பு என்பது அவர்தம் கொள்கை. அவர்களுள் துறவு பூண்டோர் புலால் உண்ணார், ஆணையிடார், உயிர்க்கொலை செய்யார். பெண்களும் ஆண்களைப் போலவே துறவு நிலையை எய்தலாம். அவர்கள் தமக்கெனப் பெருங்கோயில்களை எழுப்பவில்லை. ஊர்களில் மக்களோடு மக்களாய் வாழ்ந்தனர். கோட்டைகள் நிலக்கிழார்களுக்கு உரியவை. அவர்களுள் சிலர் கத்தாரியர்க்கு அடைக்கலம் அளித்தனர்.

கத்தோலிக்கத் திருச்சபை இக்கொள்கையை ஏற்கவில்லை. திருத்தந்தை மூன்றாம் இன்னசென்ட் விடுத்த அழைப்பின்பேரில் 1209ஆம் ஆண்டு வடபிரான்சிலிருந்து பெரும்படை தெற்கு நோக்கி வந்தது. கிறித்தவ நாடொன்றின்மீதே சிலுவைப்போர் தொடுக்கப்பட்டது. பெசியே நகரில் கத்தாரியர், கத்தோலிக்கர் என்னும் வேறுபாடு இன்றி மக்கள் கொன்று குவிக்கப்பட்டனர். அடுத்த மாதமே கர்க்காசோன் பணிந்தது. அதன் இளந்தலைவர் ரேமோன் ரோழே திராங்கவேல் சிறைப்பட்டு அவ்வாண்டு நவம்பரில் உயிர் நீத்தார். அவருடைய நிலங்கள் படைத்தலைவர் சைமன் தெ மோன்ஃபோருக்கு வழங்கப்பட்டன.

நீரால் வீழ்ந்த கோட்டை

மலைக்கோட்டையை நேர்நின்று தாக்குவது அரிது. ஆனால் பாறை உச்சியில் ஊற்று இராது. தொட்டிகளில் சேரும் மழைநீரே காவலர்க்கு வாழ்வு. இவ்வுண்மையைத் தெர்ம் கோட்டையின் முற்றுகை உணர்த்துகிறது.

1210ஆம் ஆண்டு மோன்ஃபோரின் படை தெர்ம் கோட்டையை வளைத்தது. கல்லெறி பொறிகள் இடைவிடாது இயங்கியும் நான்கு மாதங்கள் கோட்டை பணியவில்லை. இறுதியில் தொட்டிகள் வறண்டன. திராட்சை மது இருந்தது, குடிநீர் இல்லை. காவலர்கள் சரணடைய இசைந்தனர். அந்நிலையில் பெருமழை பெய்து தொட்டிகள் நிரம்பவே, அவர்கள் மீண்டும் எதிர்த்து நிற்கத் துணிந்தனர். எனினும் தொட்டிநீர் கெட்டிருந்தது. அதனைப் பருகியோரை வயிற்றுக்கடுப்பு வாட்டியது. நோயுற்ற காவலர்கள் ஓர் இரவில் கோட்டையை விட்டுத் தப்ப முயன்றனர், கோட்டை வீழ்ந்தது. மதிலின் வலிமை அதனுள் இருக்கும் நீரைப் பொறுத்தது என்பதற்கு இது சான்றாகும். இன்று இக்கோட்டைகளுக்குச் செல்வோர் உயர்ந்த கோபுரங்களைக் காண்பதோடு, தரையில் சிதைந்து கிடக்கும் நீர்த்தொட்டிகளையும் தேடிக் காணுதல் வேண்டும்.

மோன்செகூர்

மேற்கே ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் தனித்து நிற்கும் பாறைமலை மோன்செகூர். கத்தாரியரின் வேண்டுகோளை ஏற்று அதன் தலைவர் அம்மலைக்கோட்டையைச் சீரமைத்தார். போர்களால் துரத்தப்பட்ட கத்தாரியர் அங்கே குழுமினர். கோட்டையை ஒட்டிய சரிவில் படிப்படியாக வீடுகள் எழுந்து ஒரு சிற்றூரே உருவாயிற்று.

1243ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிய முற்றுகை ஏறத்தாழப் பத்து மாதங்கள் நீடித்தது. 1244 மார்ச்சுத் தொடக்கத்தில் கோட்டை பணிந்தது. பதினைந்து நாள் அமைதிக்காலம் வழங்கப்பட்டது. கொள்கையைக் கைவிடுவோர்க்கு உயிர் உண்டு. கைவிடாதார்க்கு நெருப்பு என்பது உடன்படிக்கை. அந்நாள்களில் வீரர்கள் உட்பட ஏறத்தாழ இருபது பேர், மலையிறங்கி உயிர் பிழைக்க வழியிருந்தும், தாமே முன்வந்து கத்தாரியத் துறவேற்றனர். மார்ச்சு 16ஆம் நாள் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் மலையடியில் எரிக்கப்பட்டனர். அவ்விடத்தில் இன்று ஒரு நினைவுக்கல் நிற்கிறது.

வென்றவர் எழுப்பிய மதில்கள்

வழிகாட்டிப் பலகைகளும் சுற்றுலாக் கையேடுகளும் இக்கோட்டைகளைக் 'கத்தாரியர் கோட்டைகள்' என்றே குறிக்கின்றன. ஆயினும் இன்று நம் கண்முன் நிற்கும் மதில்களுள் பெரும்பாலானவை கத்தாரியர் வீழ்ந்த பின்னர் எழுந்தவை. மோன்செகூர் உச்சியில் காணப்படும் கோட்டையும் 1244க்குப் பிற்பட்டதே. கத்தாரியர் வாழ்ந்த வீடுகளின் அடித்தளங்களையே அகழாய்வாளர்கள் சரிவுகளில் கண்டறிந்தனர்.

பெய்ர்பெர்த்தூஸ் 1240ஆம் ஆண்டிலும் கேரிபூஸ் 1255ஆம் ஆண்டிலும் பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயியின் கைக்கு வந்தன. 1258ஆம் ஆண்டு அவருக்கும் அரகான் மன்னர் முதலாம் ஜேம்சுக்கும் இடையே கோர்பெய் உடன்படிக்கை ஏற்பட்டது. கொர்பியேர் குன்றுகளின் தென்விளிம்பு இரு பேரரசர்களின் எல்லையாயிற்று. பழைய நிலக்கிழார்களின் சிறு கோட்டைகளை மன்னரின் பொறியாளர்கள் எல்லைக்காவல் அரண்களாக மாற்றினர்.

இம்மாற்றத்தைக் கற்களிலேயே படித்தறியலாம். அகிலாரில் பழைய கோட்டை நடுவே உள்ளது. அதனைச் சூழ, மூலைதோறும் வட்டக் கொத்தளங்களுடன் அறுகோண வெளிமதில் எழுந்துள்ளது. உள்ளிருப்பது நிலக்கிழாருடையது, வெளிமதில் மன்னருடையது. பெய்ர்பெர்த்தூசில் செங்குத்துப் பாறையைக் குடைந்து மேற்கோட்டைக்குப் படிக்கட்டு அமைத்தனர். அது 'புனித லூயியின் படிக்கட்டு' எனப்படுகிறது. புய்லோரன்சில் நுழைவழி நேராக இராமல் மடிந்து மடிந்து ஏறுகிறது. ஏறிவரும் பகைவர் மேலிருந்து எய்யப்படும் அம்புகளுக்கு இலக்காகும் வண்ணம் அது திட்டமிடப்பட்டது. கர்க்காசோன் நகரைச் சுற்றி இரண்டாம் வெளிமதில் எழுந்ததும் இந்நூற்றாண்டிலேயே.

எல்லை நகர்ந்தது

நானூறு ஆண்டுகள் இவ்வெல்லை நிலைத்தது. 1659ஆம் ஆண்டு பிரான்சும் ஸ்பெயினும் செய்துகொண்ட பிரனீஸ் உடன்படிக்கையால் ரூசியோன் பகுதி பிரான்சுடன் இணைந்தது. எல்லை தெற்கே மலைமுகட்டிற்கு நகர்ந்தது. பீரங்கி பரவிய காலமாதலின், உயர்ந்த மதிலைக் காட்டிலும் தாழ்ந்து தடித்த மதிலே பயன்தந்தது. வோபான் என்னும் படைப்பொறியாளர் 1679ஆம் ஆண்டில் புதிய எல்லைக்கு அருகே மோன்லூயி என்னும் கோட்டைநகரை நிறுவத் தொடங்கினார். பழைய கோட்டைகள் படிப்படியாகக் கைவிடப்பட்டன. அவற்றை அழித்தது போர் அன்று, தேவையின்மையே எனலாம். தெர்ம் மட்டும் அதற்கு முன்னரே, பதினேழாம் நூற்றாண்டின் நடுவில், அரச ஆணையால் வெடிமருந்து வைத்துத் தகர்க்கப்பட்டது.

கர்க்காசோனும் பாழடைந்தது. அதன் மதில்களை இடிக்க அரசு முற்பட்டபோது, உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள் எதிர்ப்புத் தெரிவித்துக் காத்தனர். 1853ஆம் ஆண்டு முதல் கட்டடக்கலைஞர் வியோலே லெ தூக் அதனைப் புதுப்பித்தார். கோபுரங்களின்மேல் அவர் அமைத்த கூம்புக் கூரைகள் அப்பகுதியின் மரபுக்கு ஒவ்வாதவை என்னும் விவாதம் எழுந்தது. எனினும் அவர் முயற்சி இன்றேல் அந்நகரம் எஞ்சியிராது. 1997ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக மரபுச்சின்னமாக அறிவித்தது.

காண்போர் கடமை

இக்கோட்டைகளை அடைய மலைப்பாதையில் நடந்தே ஏறவேண்டும். முகடுகளில் காற்று கடுமையாக வீசும்; இடிமின்னல் வேளைகளில் ஏறுவது ஆபத்தானது. உச்சியை அடைந்தோர்க்குத் தெற்கே ரூசியோன் சமவெளியும் அதற்கப்பால் பிரனீஸ் சிகரங்களும் தோன்றும். எல்லைக்காவலர் இவ்விடத்தைத் தேர்ந்தமைக்கான காரணம் அக்காட்சியிலேயே விளங்கும்.

ஒரு வரலாற்றுச் சின்னத்தின் முன் நிற்பவர், பெயர்ப்பலகையைப் படிப்பதோடு நின்றுவிடலாகாது. 'இம்மதிலை எழுப்பியவர் யார்? யாரிடமிருந்து எதனைக் காக்க எழுப்பினார்? இங்கு வாழ்ந்தும் மதில் எழுப்பாதவர் யாவர்?' என்னும் வினாக்களை அவர் எழுப்ப வேண்டும். வென்றவர்களின் கல் எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. தோற்றவர்கள் மதில் எதனையும் விட்டுச் செல்லவில்லை. அவர்தம் பெயர் மட்டும் அக்கற்களின்மேல் வழங்கி வருகிறது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியும்போதே அக்கோட்டைகளின் வரலாறு முழுமையாக விளங்கும்.