இலவச மென்பொருளும் கேஜ் மாற்றமும்

ரயில்வேயில் தண்டவாளத்தோடு காலம் தள்ளியவன் நான். கம்ப்யூட்டர் பக்கம் இழுத்தவள் என் மருமகள். இங்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் இணையதளம் அவள் பொறுப்பு.

தளம் ஓடியது ட்ருப்பல் என்ற மென்பொருளில். பெல்ஜியத்தில் மாணவராயிருந்த ட்ரீஸ் பைட்டார்ட் எழுதி, 2001 ஜனவரியில் மூல நிரலோடு எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஜெனீவாவின் செர்ன் நிலையமே பல வருஷம் பயன்படுத்தியது. நிரல் எழுதத் தெரியாத விஞ்ஞானியும் தம் கட்டுரைப் பட்டியலைத் தாமே ஏற்றலாம்.

"காசில்லாமல் கிடைத்ததால் பராமரிப்புக்கும் யாரும் காசு ஒதுக்கவில்லை, மாமா" என்று ஒருநாள் அலுத்துக்கொண்டாள். 2011-இல் வந்த ஏழாம் பதிப்புக்கு 2025 ஜனவரி 5-உடன் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. அடுத்த பதிப்புகளின் உள்ளமைப்போ அடியோடு வேறு.

எனக்குச் சட்டென்று புரிந்தது. மீட்டர் கேஜ் 1000 மி.மீ.; அகலப்பாதை 1676. பெட்டியைத் தள்ளிவிட்டால் ஓடுமா? இரண்டும் சந்திக்கும் ஸ்டேஷனில் மூட்டை மூட்டையாகத்தான் வேகன் மாற்ற வேண்டும். (குறைந்த மூட்டைக்கு யார் பொறுப்பு என்ற சண்டை தனிக்கதை!)

அவள் பக்கங்களை மாற்ற, நான் பழைய பட்டியலையும் புதியதையும் வைத்துக்கொண்டு டிக் அடித்தேன். மூன்றாம் நாள், காலமான பேராசிரியர் ஒருவரின் களக்குறிப்புகளைக் காணோம். என்றோ வந்துபோன மாணவர் தனியாக எழுதிச் சேர்த்த நிரலுக்குள் அவை இருந்தன. மாற்றும் கருவியின் கண்ணில் படவில்லை. ஒவ்வொன்றாகக் கையால் ஏற்றி முடிக்க இரவு ஒன்றரை மணி.

பராமரிப்புக்கென்று ஆண்டுதோறும் ஒரு தொகை கேட்டு எழுதியிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை.