மாடு 50,000... ராசி 10,000!

புதுச்சேரி - விழுப்புரம் சாலையில் இருக்கிறது மதகடிப்பட்டு. செவ்வாய்க்கிழமை என்றால் மாட்டுச் சந்தை களை கட்டிவிடும். ஒரு பேச்சுக்கு, அங்கே ஒரு கறவை மாட்டையும் கன்றையும் 60,000 ரூபாய்க்கு நீங்கள் வாங்குகிறீர்கள். விற்றவர் நோட்டில் அவற்றின் மதிப்பு 20,000தான். சந்தை நிலவரப்படி 50,000 பெறும். மீதி 10,000 எதற்காம்? ‘ராசியான மாடு ஸார்!’ என்றாரே, அதற்கு!

சரி, உங்கள் நோட்டில் என்ன எழுதுவீர்கள்?

ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கும்போதும் இதே தலைவலிதான். விற்றவர் நோட்டிலிருந்த 20,000ஐ அப்படியே காப்பி அடிப்பது ஒரு வழி. இதற்குப் பெயர் ‘பூலிங்’. கொடுத்த விலையை எழுதுவது இன்னொரு வழி. மாடு 50,000, ராசி 10,000. இது ‘பர்ச்சேஸ்’ முறை. ராசிக்கு பேலன்ஸ் ஷீட்டில் கௌரவமான பெயர்: குட்வில்!

1995 ஏப்ரலில் அமலுக்கு வந்த ஏ.எஸ். 14 விதி, சில நிபந்தனைகளோடு இரண்டு முறைகளுக்குமே இடம் கொடுத்தது. 2016 ஏப்ரலில் இருந்து பெரிய கம்பெனிகளுக்கு இண்ட் ஏ.எஸ். 103 வந்தது. அண்ணன் கம்பெனியில் தம்பி கம்பெனி சேர்ந்தால் பூலிங். வெளியாளை வாங்கினால் கொடுத்த விலைதான் கணக்கு.

இதனால் என்ன ஆகும்? ஹார்லிக்ஸைக் கேளுங்கள்!

2020 ஏப்ரல் 1 அன்று ஹார்லிக்ஸ் தயாரித்த ஜி.எஸ்.கே. கன்ஸ்யூமர் கம்பெனி, ஹிந்துஸ்தான் யூனிலீவரோடு இணைந்தது. அதன் ஒரு ஷேருக்கு யூனிலீவரின் 4.39 ஷேர். கைமாறிய ஷேர்களின் அன்றைய மதிப்பு 40,000 கோடி ரூபாய்க்கும் மேல். அதில் குட்வில்லாகப் பதிவானது மட்டும் சுமார் 17,000 கோடி!

விளைவைப் பாருங்கள். யூனிலீவரின் நிகர மதிப்பு, அதாவது பங்குதாரர் பணம், ஒரே வருடத்தில் சுமார் 8,000 கோடியிலிருந்து 47,000 கோடியைத் தாண்டியது. லாபமும் 6,738 கோடியிலிருந்து 7,954 கோடியாக ஏறியது. ஆனால் பங்குதாரர் பணம் நூறு ரூபாய்க்கு முன்பு சுமார் 84 ரூபாய் லாபம் காட்டிய கம்பெனி, சுமார் 17 ரூபாய்தான் காட்டியது. நிர்வாகம் தூங்கிவிட்டதா? இல்லை ஸார், கீழே இருக்கிற எண் பெருத்துவிட்டது! பூலிங்கில் எழுதியிருந்தால் இந்த வீழ்ச்சியில் பெரும்பகுதி கண்ணிலேயே பட்டிருக்காது. அதே ஹார்லிக்ஸ், அதே வியாபாரம். கணக்கு மட்டும் வேறு.

குட்வில்லுக்கு இன்னொரு குணம் உண்டு. புது விதிப்படி அது வருடா வருடம் தேயாது. ஆனால் வருடா வருடம் பரீட்சை எழுத வேண்டும். ராசி போய்விட்டது என்று தெரிந்தால் அந்தத் தொகை லாபத்திலிருந்து கழியும். 2007-ல் கோரஸை வாங்கிய டாடா ஸ்டீல், 2013-ல் குட்வில், சொத்துகள் என்று சுமார் 160 கோடி டாலரைக் குறைத்து எழுதியது. இந்தக் குறைப்பால் கல்லாவிலிருந்து பைசா போகவில்லை. ஆனாலும் அந்த வருடக் கணக்கு நஷ்டத்தில் முடிந்தது.

ஆகவே, டீக்கடையில் யாராவது ஷேர் ‘டிப்ஸ்’ கொடுத்தால் உடனே பர்ஸைத் திறக்காதீர்கள். ஆண்டறிக்கையைத் திறந்து மூன்றைத் தேடுங்கள். சமீபத்தில் யாரையாவது வாங்கினார்களா? எந்த முறையில் எழுதினார்கள்? நிகர மதிப்பில் குட்வில் எவ்வளவு? கடைசி விடை பாதியைத் தாண்டினால், டிப்ஸ் கொடுத்தவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்...

“அண்ணே, இதில் பால் எவ்வளவு, ராசி எவ்வளவு?”