உங்களுக்குத் தெரியுமா? – 'எம்' முத்திரை கேம்கள்

● கேம் பெட்டியின் மூலையில் கறுப்பு வெள்ளையில் 'எம்' என்று இருந்தால், அது 17 வயது நிறைந்தவர்களுக்கானது. இந்த முத்திரையைக் குத்தும் அமெரிக்க அமைப்பான இஎஸ்ஆர்பி 1994-இல் பிறந்தது. காரணம், 1993 டிசம்பரில் அமெரிக்க செனட்டில் நடந்த விசாரணை. அங்கே கூண்டில் ஏற்றப்பட்ட முக்கியமான கேம்கள் இரண்டு: 'மார்ட்டல் காம்பாட்', 'நைட் ட்ராப்'.

● அந்த விசாரணையில் நின்டெண்டோவின் உயரதிகாரி ஹோவர்ட் லிங்கன், 'நைட் ட்ராப்' எங்கள் கன்சோலில் ஒருநாளும் வராது என்று அடித்துச் சொன்னார். 2018-இல் அது நின்டெண்டோ ஸ்விட்சுக்கு வந்தே விட்டது. அப்போது அதற்கு 'எம்' கூடக் கிடைக்கவில்லை. 13 வயதுப் பிள்ளைகளுக்கான 'டி' முத்திரைதான்! ஊரைக் கூட்டிய கேம் என்பதற்காக வாங்கலாம், ஆடிப் பார்த்தால் சப்பென்றுதான் இருக்கும்.

● 'மார்ட்டல் காம்பாட்' 1993-இல் ஒரே நேரத்தில் இரண்டு கன்சோல்களுக்கு வந்தது. சூப்பர் நின்டெண்டோவில் ரத்தத்துக்குப் பதில் சாம்பல் நிற வியர்வை தெறித்தது. செகா ஜெனிசிஸில் ஏ, பி, ஏ, சி, ஏ, பி, பி என்று பொத்தான்களை வரிசையாக அழுத்தினால் அசல் ரத்தம். விற்பனையில் எது ஜெயித்தது என்று சொல்லவா வேண்டும்? சேகரிப்பவர்கள் கை நீள்வதும் ஜெனிசிஸ் கேட்ரிட்ஜுக்குத்தான்.

● 'எம்'-க்கு மேலே 'ஏஓ' என்று இன்னொரு முத்திரை உண்டு. அது 18 வயது. ஒரே ஒரு வயதுதான் வித்தியாசம், ஆனால் அதைக் குத்திவிட்டால் கேம் செத்தது போலத்தான். கன்சோல் நிறுவனங்கள் சேர்க்காது, பெரிய கடைகள் அடுக்காது. 2004-இல் 'எம்' வாங்கி வெளிவந்த 'ஜிடிஏ: சான் ஆண்ட்ரியாஸ்' டிஸ்கில், ஆடுபவர் கண்ணில் படாதபடி ஒரு படுக்கையறைக் காட்சி புதைந்து கிடந்தது. வெளியாள் ஒருவர் அதைத் தோண்டி எடுத்துவிட, 2005 ஜூலையில் முத்திரை 'ஏஓ' ஆனது, கடைகள் பெட்டிகளைத் திருப்பி அனுப்பின. பிறகு காட்சியை நீக்கிய டிஸ்க் வந்து 'எம்'-ஐ மீட்டது. பழைய டிஸ்க், புதிய டிஸ்க் என்று பிரித்துத் தேடுவோர் இன்றும் உண்டு. கதைக்கோ ஆட்டத்துக்கோ இதனால் எந்த வித்தியாசமும் இல்லை, அதற்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

● 'மெட்டல் கியர் சாலிட்' (1998, முதல் பிளேஸ்டேஷன்) கேமை அதன் அசல் பெட்டி இல்லாமல் வாங்காதீர்கள். கதையில் மெரில் என்ற பெண்ணை ரேடியோவில் கூப்பிட வேண்டும். அலைவரிசை எண் என்ன? சிடி உறையின் பின்பக்கத்தைப் பார் என்கிறார் ஒரு பாத்திரம். கதையில் நாயகன் கையிலோ அப்போதுதான் கிடைத்த ஒரு டிஸ்க் இருக்கிறது. அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துப் பலர் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். அவர் சொன்னது நம் கையில் இருக்கும் நிஜப் பெட்டியை! அதன் பின்னட்டையில் ஒரு சின்னப் படத்துக்குள் 140.15 என்று அச்சாகியிருக்கிறது. இதே கேமில் சைக்கோ மான்டிஸ் என்ற வில்லன், நம் மெமரி கார்டைப் படித்து, நாம் ஆடிய மற்ற கோனாமி கேம்களின் பெயரைச் சொல்லி மிரட்டுவான். அவனை அடிக்கக் கன்ட்ரோலரைப் பிடுங்கி இரண்டாவது துளையில் செருக வேண்டும். வெறும் டிஸ்க் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குபவருக்குப் பாதி ரசனை போச்சு.

● நின்டெண்டோவே வெளியிட்ட முதல் 'எம்' கேம் 'எடர்னல் டார்க்னஸ்' (2002, கேம்கியூப்). பாத்திரத்தின் புத்தி பேதலிக்க, டிவியும் பேதலிக்கும். திரையில் ஈ ஊரும், சத்தம் தானாகக் குறையும், சேமித்ததெல்லாம் அழிவதுபோல் காட்டும். எல்லாம் பொய். ஆரம்பகால வீ கன்சோலிலும் இந்த டிஸ்க் ஓடும், ஆனால் கேம்கியூப் கன்ட்ரோலரும் மெமரி கார்டும் தனியாக வேண்டும்.

● 'பெர்ஃபெக்ட் டார்க்' (2000, நின்டெண்டோ 64) வாங்கினால் எக்ஸ்பான்ஷன் பேக் என்ற சின்ன நினைவகத் துண்டும் வாங்க வேண்டும். அது இல்லாமல் ஏறத்தாழ 35 சதவீத கேம்தான் திறக்கும். கேட்ரிட்ஜ் விலையை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.

● விலை குறைந்த மறுபதிப்பு என்றால் சேகரிப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். 'சைலன்ட் ஹில் 2' (2001) விஷயத்தில் அது தப்புக் கணக்கு. அமெரிக்க பிளேஸ்டேஷன் 2-க்கு முதலில் வந்த டிஸ்கில் இல்லாத, மரியா என்ற பாத்திரத்தின் துணைக்கதை, பிறகு வந்த சிவப்புப் பட்டை 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' டிஸ்கில் இருக்கிறது. மலிவுப் பதிப்புதான் முழுப் பதிப்பு! 2012-இல் வந்த 'எச்டி' தொகுப்பை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதைச் செய்தவர்கள் கைக்குக் கிடைத்தது கேமின் இறுதி நிரல் அல்ல, முடிக்கப்படாத பழைய நிரல். விளைவு, இந்த கேமின் உயிரான மூடுபனி மெலிந்து, மறைக்க வேண்டியதெல்லாம் பல்லிளித்தது.

● பாட்டுக்காகவும் பழைய டிஸ்க் வாங்கலாம். 2008-இல் வந்த 'ஜிடிஏ 4'-இன் கார் ரேடியோ பாடல்கள் பலவற்றின் உரிமம் பத்து ஆண்டில் முடிந்தது. 2018 ஏப்ரலில் ஒரு அப்டேட் வந்து அவற்றைத் துடைத்தது. ரஷ்யப் பாட்டுப் போடும் விளாடிவாஸ்டாக் எஃப்எம்முக்குத்தான் பலத்த அடி.

● 2008-இல் 'ஃபால்அவுட் 3' கேமை எக்ஸ்பாக்ஸ் 360-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப் போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. கலாசார உணர்வுகளைச் சுட்டியதே தவிர, எது உறுத்துகிறது என்று விளக்கவில்லை. கதிர்வீச்சால் இரண்டு தலை முளைத்த மாடுகள் அந்த கேமில் திரியும். அவற்றுக்கு வைத்த பெயர் 'பிராமின்'. காரணம் அதுதான் என்று எல்லோரும் ஊகித்தார்கள்.

● ஒரே கேம், நாட்டுக்கு நாடு வேறு. 'ரெசிடென்ட் ஈவில் 7' ஜப்பானில் இரண்டு விதமாக விற்றது: அடக்கிய பதிப்பு ஒன்று, 18 வயதுக்கான கோரப் பதிப்பு ஒன்று. ஜெர்மனியின் 'வோல்ஃபென்ஸ்டைன் 2'-இல் ஹிட்லருக்கு மீசையே கிடையாது. வெளிநாட்டுப் பிரதியை ஆன்லைனில் வாங்குமுன் எந்த நாட்டுப் பதிப்பு என்று கேளுங்கள். பிளேஸ்டேஷன் 2-இல் வேறு மண்டலத்து டிஸ்க் ஓடவே ஓடாது. பிளேஸ்டேஷன் 4-இல் ஓடும், ஆனால் கூடுதல் பகுதிகளை வாங்க உங்கள் கணக்கின் மண்டலமும் டிஸ்கின் மண்டலமும் ஒத்துப்போக வேண்டும்.

● அரிது என்பதும் அவசியம் என்பதும் ஒன்றல்ல. 'ரூல் ஆஃப் ரோஸ்' (2006, பிளேஸ்டேஷன் 2) ஐரோப்பாவில் கிளம்பிய எதிர்ப்பில் பிரிட்டன் வெளியீட்டையே இழந்தது. இன்று யானை விலை. சண்டைக் காட்சிகளில் கன்ட்ரோலர் சொன்ன பேச்சைக் கேட்காது. குடிகார அணில் நாயகனாக வரும் 'கான்கர்ஸ் பேட் ஃபர் டே' (2001, நின்டெண்டோ 64) கதை வேறு. குழந்தைகள் கேமாகத் தொடங்கிப் பாதியில் குணம் மாறியது, அன்று சரியாக விற்கவில்லை, இன்று விலை கூடுதல். ஆனால் கொடுத்த காசுக்குச் சிரிக்கலாம்.

● புது கேம்களை முதல் நாளே வாங்குவது சேகரிப்புக்கு நல்லதல்ல. 'சைபர்பங்க் 2077' 2020 டிசம்பர் 10-இல் வந்தது. பிழைகள் மலிந்திருந்ததால் ஒரே வாரத்தில் சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்து அதைத் தூக்கியது. 2021 ஜூனில்தான் திரும்பச் சேர்த்தது. முதல் நாள் டிஸ்கில் இருப்பது அந்தப் பிழைகள்தான். இணையம் இல்லையென்றால் திருத்தமும் இல்லை.

● 'விட்சர்' நாவல்களை எழுதிய போலந்துக்காரர் ஆந்த்ரேய் சப்கோவ்ஸ்கி, கேம் உரிமைக்கு லாபத்தில் பங்கு வேண்டாம், மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள் என்று வாங்கிக்கொண்டார். கேம் ஓடாது என்பது அவர் கணிப்பு. மூன்றாம் பாகம் 2015-இல் உலகையே சுற்றி வந்தது. 2019-இல் அவரும் கேம் நிறுவனமும் புது ஒப்பந்தம் போட்டார்கள்.

● வீட்டில் சிறுவர்கள் இருந்தால், கன்சோலின் பெற்றோர் கட்டுப்பாட்டில் 'எம்' கேம்களுக்கு ரகசிய எண் போடலாம். அலமாரிப் பூட்டைவிட அது உறுதி.

● பட்ஜெட் மூன்று கேம்களுக்குத்தான் என்றால் என் ஓட்டு: அட்டையோடு 'மெட்டல் கியர் சாலிட்', சிவப்புப் பட்டை 'சைலன்ட் ஹில் 2', இரண்டு கூடுதல் கதைகளும் சேர்ந்த 'விட்சர் 3' முழுப் பதிப்பு. 'ரூல் ஆஃப் ரோஸ்' எல்லாவற்றுக்கும் கடைசியில், அதுவும் காசு மிஞ்சினால்.